ஒட்டுப்பலகையும் செயற்கைப் பிசின் பசைகளும்

தச்சர்கள் நெடுங்காலம் மரத்தோடு மரத்தை ஒட்ட வச்சிரத்தையே நம்பியிருந்தனர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இப்பசை காய்ந்த நிலையில் வலிமையானது. ஈரம் பட்டால் இளகிவிடும். பாலிலுள்ள கேசீன் புரதத்தால் செய்த பசை சற்று மேலானது என்றாலும், நாள்பட்ட ஈரத்தில் அதில் பூஞ்சை பிடித்துவிடும்.

1907இல் லியோ பேக்கலாண்டு பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்து பேக்கலைட்டை உருவாக்கினார். 1918இல் ஹான்ஸ் ஜான் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினுக்குக் காப்புரிமை கோரினார். இவ்விரு பிசின்களும் 1930களில் மரப்பசைகளாகப் பரவின. இங்கிலாந்தில் நார்மன் டி புரூயின் உருவாக்கிய ஏரோலைட் யூரியா வகையைச் சேர்ந்தது.

இப்பசைகளைக் கடுமையாகச் சோதித்தது இரண்டாம் உலகப்போர். பிரிட்டனின் 'மஸ்கிட்டோ' போர் விமானம் பெரும்பகுதி மரத்தால் ஆனது. தொடக்கத்தில் கேசீன் பசையால் ஒட்டப்பட்டு, பின்னர் ஏரோலைட்டுக்கு மாறியது. 1944இன் இறுதியில் இந்தியா உள்ளிட்ட கீழைப் போர்முனையில் சில மஸ்கிட்டோக்கள் இறக்கை சிதைந்து விழுந்தன. வெயிலிலும் பருவமழையிலும் கேசீன் பசை விட்டுப்போனதே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஹெரிவார்டு டி ஹாவிலண்டு தலைமையில் இந்தியாவுக்கு வந்த குழு, பசை கெடவில்லை, பருவமழைக் காலத்தில் சட்டகம் சுருங்கியதே காரணம் என்றது. அடுத்தடுத்த விசாரணைகளோ தயாரிப்புக் குறைபாடுகளையே சுட்டின. பழி முதலில் பசைமேல் விழுந்தது இயல்புதான். ஆனால் நல்ல பசையும் சரியாகப் பொருந்தாத மூட்டைக் காப்பாற்றாது.

ஜெர்மனியில் நடந்தது இதற்கு மாறானது. அங்கே 'டெகோ' எனும் பீனால் பசைப்படலம் வழக்கிலிருந்தது. அதைச் செய்த ஆலை குண்டுவீச்சில் அழிந்ததால், ஹைன்கெல் 162 ஜெட் விமானத்துக்கு அமிலத்தன்மை மிகுந்த மாற்றுப் பசை பயன்பட்டது. அப்பசை மரத்தையே அரித்தது. 1944 டிசம்பர் 10 அன்று விமானம் நடுவானில் சிதைந்து விமானி உயிரிழந்தார்.

பசைகளின் நீடிப்பு அவற்றின் மூலக்கூறு அமைப்பைப் பொறுத்தது. பீனால் பிசினில் வளையங்களை இணைக்கும் பாலம் கார்பனோடு கார்பன் சேர்ந்தது. கொதிநீரிலும் அது எளிதில் அறுபடாது. யூரியா பிசினிலோ பாலம் நைட்ரஜனோடு சேர்ந்தது. வெப்பமும் ஈரமும் அமிலமும் சேர்ந்தால் நீர் அதைப் பிளந்து ஃபார்மால்டிஹைடை வெளியேற்றும். இப்பசையை இறுக்கச் சேர்க்கும் அம்மோனியம் குளோரைடே அமிலத்தை உண்டாக்குகிறது என்பது இதிலுள்ள முரண். எனினும் யூரியா பசை மலிவானது, நிறமற்றது, குறைந்த வெப்பத்தில் இறுகுவது. பீனால் பசை செம்பழுப்புக் கோடாகத் தெரியும். கூடுதல் சூடும் தேவை. மெலமைன் பசை தாங்குதிறனில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

இந்தியாவில் ஒட்டுப்பலகைத் தொழில் அஸ்ஸாமின் தேயிலைப் பெட்டிகளோடு வளர்ந்தது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும், பின்னர் பெங்களூரில் தோன்றிய ஒட்டுப்பலகை ஆராய்ச்சி நிறுவனமும் பசைகளை ஆராய்ந்தன. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைக் கொண்டு பீனாலின் ஒரு பங்கை ஈடுசெய்யும் ஆய்வும் நடந்தது. இந்தியத் தரநிலைகள் பசையின் உறுதியைக் கொதிநீரில் சோதிக்கின்றன: ஐஎஸ் 303இன் கொதிநீர் தாங்கும் வகைக்கு 8 மணி நேரம், ஐஎஸ் 710 மரைன் பலகைக்கு 72 மணி நேரம். கடைகளில் 'கமர்ஷியல்' எனப்படும் ஈரம் தாங்கும் வகைக்கு 60 பாகை செல்சியசு நீரே போதும். சமையலறைத் தொட்டியின் அடியில் அதைப் பொருத்தினால் சில மழைக்காலங்களில் அடுக்குகள் பிரியக்கூடும்.

நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காடுகள் தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பிறப்பித்த ஆணை காட்டுமரப் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆலைகள் வளர்ப்பு மரங்களுக்குத் திரும்பின. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி மலைவேம்பைப் பரவலாக்கியது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலும் இன்று ஒட்டுப்பலகை உற்பத்தி நடக்கிறது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. யூரியா பசையில் ஃபார்மால்டிஹைடின் விகிதத்தைக் குறைத்தால் வாயு வெளியேற்றம் குறையும். ஆனால் ஒட்டும் வலிமையும் நீர் தாங்கும் திறனும் குறையும். இதை ஈடுகட்டவே ஆலைகள் யூரியாவோடு மெலமைனைச் சேர்க்கின்றன, கூடுதல் செலவில்.