முன்றில் தோட்டமான கதை

‘இல் முன்’ என்பது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆயிற்று என்று இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டுச் சொல்லி, ஆண்டுதோறும் வகுப்பில் கடந்துபோகிறோம். அந்த முன்றில் சென்னையில் எப்போது தோட்டமாயிற்று என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

மயிலாப்பூர் மாடவீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் முன்புறத் தோட்டம் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். தெருவைத் தொட்டுக்கொண்டு திண்ணை. வாசல் கோலத்திற்கு உரியது. கிணறும் வாழையும் பூச்செடிகளும் கொல்லைப்புறத்தில். வீட்டின் முன்னே தோட்டத்தைப் பரப்பி, நடுவில் மாளிகை எழுப்பியோர் கம்பெனிக் காலத்து வெள்ளையர். நுங்கம்பாக்கத்திலும் அடையாற்றிலும் அவர்களுடைய தோட்ட வீடுகள் ஏக்கர் கணக்கில் விரிந்தன. நடுத்தர வர்க்கத்தார்க்கு அவ்வமைப்பு சிறிய அளவில் கிட்டியது மாம்பலத்தில்தான்.

1920இல் சென்னை மாகாணத்திற்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து, நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலத்துப் பெரிய ஏரியின் நீர் வடிக்கப்பட்டு நிலம் மனைகளாயிற்று. 1925இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் அமைந்தன. புதிய மனைகளில் நாற்புறமும் இடம் விட்டு வீடு கட்டினார்கள். குடிவந்தோரில் பலர் கொல்லையோடு வளர்ந்தவர்கள். ஆகவே முன்னால் கிடைத்த நிலத்துக்குக் கொல்லையையே கொண்டுவந்தார்கள் என்பது நம் கருத்து. பூசைக்கு நந்தியாவட்டை, செம்பருத்தி, பவழமல்லி, இருமலுக்குத் துளசி, ஆடாதோடை, துவையலுக்குக் கறிவேப்பிலை. முருங்கையை மட்டும் வாசலுக்கு வரவிடவில்லை, அது ஆகாது என்று. சற்றே உத்தியோக மிடுக்குள்ள வீடுகளில் தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ், வாயில் வளைவின்மேல் காகிதப்பூக் கொடி. மதிலுக்கு வெளியே நின்றே உள்ளே இருப்பவர் பக்தரா, வைத்தியப் பித்தரா, ஓய்வுபெற்ற அதிகாரியா என்று ஒருவாறு சொல்லிவிடலாம்.

(மா. அரங்கநாதன் நடத்திய ‘முன்றில்’ சிற்றிதழின் புத்தகக் கடை, செடி வைக்க ஒரு சாண் மண்ணும் கிடைக்காத ரங்கநாதன் தெருவில் இருந்தது!)

பின்னர் அடுக்ககங்கள் வந்தன. கட்டட விதிகள் இன்றும் முன்புறம் இடம் விடச் சொல்கின்றன; இடமும் விடப்படுகிறது, ஆனால் அதன்மேல் சிமெண்டும் ஓடும் பாவப்பட்டு மகிழுந்துகள் நிற்கின்றன. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின் அந்தத் தரையின் ஓரத்தில் ஒரு குழி சேர்ந்தது. முன்னர் முன்றில் முழுவதும் குடித்த நீரை அந்த ஒற்றைக் குழியிடம் ஒப்படைத்திருக்கிறோம். இது ஏரியின் அடிநிலம் என்பதை எண்ணிப் பார்த்தால், 2015 டிசம்பரில் இத்தெருக்களில் தேங்கிய நீர் வியப்பளிக்கவில்லை.

நாம் நாள்தோறும் கடக்கும் தெருவில் பழைய வீடு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதன் பவழமல்லி மதில்தாண்டி அடுத்த அடுக்ககத்தின் வண்டி நிறுத்தத்தில் சாய்ந்திருக்கிறது. தரையில் உதிர்ந்ததை எடுத்தும் பூசை செய்யலாம் என்ற சலுகை அந்தப் பூவுக்கு உண்டு. விடியலில் பொறுக்க ஓர் அம்மையார் கூடையோடு வருவார். அவர் வருவதற்குள் பெருக்கித் தள்ளிவிட வேண்டாமென்று காவற்காரர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் காத்திருக்கிறார்.