காளியின் பெயரில் ஒரு கட்டுக்கதை

காசிக்கு ரயிலில் போய்வந்த நம்மவர்களுக்கு இந்த வழி மனப்பாடம். இட்டார்சி, ஜபல்பூர், கட்னி, சத்னா... இதில் ஜபல்பூருக்கும் கட்னிக்கும் நடுவில் 'ஸ்லீமனாபாத் ரோடு' என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் தாண்டிப் போய்விடும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருக்கிறார். அவருக்குப் பின்னால், நம் காளியைப் பற்றி உலகம் முழுக்கப் பரவிய ஒரு கதை இருக்கிறது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கற்பனை உலகத்தைப் பார்த்துவிடுவோம். 1984-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாதாளத்தில் ஒரு காளி கோயில், கொதிக்கிற நெருப்புக் குழம்பு. பூசாரியாக வரும் நம்ம அம்ரீஷ் பூரி, உயிரோடு இருக்கும் மனிதனின் இதயத்தைக் கையாலேயே பிடுங்குவார். இந்திய அரசு கதையில் மாற்றம் கேட்டதால் படப்பிடிப்பை இலங்கையில் கண்டிப் பக்கம் நடத்திக்கொண்டார்கள். இதே கதைதான் 1939-ல் வந்த 'கங்கா தின்' படத்திலும். 1980-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் உலகத்துச் சாமிகளுக்கெல்லாம் எத்தனை அடி தாங்கும் என்று மார்க் போட்டிருந்தார்கள். காளியும் அந்தப் பட்டியலில் உண்டு! இருட்டு தெய்வம், அவளுக்கு மனிதர்களைப் பலி கொடுக்கும் ரகசியக் கூட்டம் என்ற இந்த அச்சு எங்கே வார்க்கப்பட்டது என்று தேடிப் போனால், நம் ஸ்லீமனாபாத் ஸ்டேஷனில் வந்து நிற்கிறது.

பள்ளிக்கூட வரலாற்றில் படித்திருப்போம்: பெண்டிங் பிரபு சதியை ஒழித்தார், தக்கர்களை ஒழித்தார் என்று. இரண்டு மார்க் கேள்வி. அந்தத் தக்கர் ஒழிப்பை நடத்தியவர்தான் வில்லியம் ஹென்றி ஸ்லீமன் (1788–1856). வங்காளப் படையில் அதிகாரி. 1820-களில் நர்மதைக் கரையில் நர்சிங்பூர் மாவட்டத்தைப் பார்த்துக்கொண்டார், பிறகு ஜபல்பூருக்கு வந்தார்.

தக்கர்கள் என்பவர்கள் வழிப்போக்கர் வேஷத்தில் பயணிகளோடு சேர்ந்து நடந்து, நட்பாகப் பேசி, சமயம் பார்த்து ஒரு துணியைக் கழுத்தில் சுற்றி நெரித்துக் கொன்று, பொருளைப் பறித்து, பிணத்தைப் புதைத்துவிடும் கூட்டத்தார். இது கற்பனை இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஃபெரிங்கியா என்ற தலைவன் பிடிபட்டு அப்ரூவரானான். அவன் காட்டிய இடங்களைத் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. விடுமுறையில் சம்பளப் பணத்தோடு ஊருக்கு நடந்து போன சிப்பாய்கள் எத்தனையோ பேர் வீடு போய்ச் சேரவில்லை. 1810-லேயே சிப்பாய்களை எச்சரித்து ராணுவ உத்தரவு வந்திருக்கிறது. மதராஸில் டாக்டர் ஷெர்வுட் என்பவர் 1816-ல் தென்னாட்டுச் சுருக்குக் கொலைகாரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, கொலைகள் நிஜம்.

காரணம்? 1818-ல் மராட்டியப் போர் முடிந்தபோது ஏராளமான வீரர்கள் வேலை இழந்தார்கள். மாளவத்து அபின் வியாபாரத்துக்காகச் சாலைகளில் பணம் கைமாறிக்கொண்டிருந்தது. கொள்ளையில் பங்கு வாங்கிக்கொண்டு அடைக்கலம் கொடுக்கும் ஜமீன்தார்கள் இருந்தார்கள். வறுமை, பணம், பாதுகாப்பு மூன்றும் சேர்ந்தால் வழிப்பறிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஸ்லீமன் சொன்ன காரணம் வேறு. 1830-ல் கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் பெயர் போடாமல் அவர் எழுதிய கடிதம் வந்தது. மிர்சாபூர் பக்கம் இருக்கும் விந்தியாசல் கோயில்தான் இந்தக் கொலைகாரர்களின் மடம், பூசாரிகள்தான் ஏவிவிடுகிறார்கள், இந்தியா முழுக்கப் பரவிய ஒரே மதக் கூட்டம் இது என்கிற தோரணையில் எழுதினார். 1836-ல் அவர் வெளியிட்ட 'ராமசீயானா' புத்தகத்தில் அப்ரூவர்கள் சொன்ன கதைகள் இருக்கின்றன. ரக்தபீஜனைக் கொல்லும்போது தேவி தன் வியர்வையிலிருந்து இரண்டு பேரைப் படைத்து ஆளுக்கொரு துணி கொடுத்தாளாம், அவர்கள் வம்சம்தான் தாங்களாம். பக்கம் பக்கமாகச் சகுனங்கள், புதைகுழி தோண்டும் கருவிக்குப் பூஜை, கொலை முடிந்ததும் வெல்லம் படைத்துச் சாப்பிடுவது...

இதையெல்லாம் படித்தால் லண்டன்காரனுக்குத் திகிலாக இருக்கும். நமக்கு? கிளம்பும்போது பூனை குறுக்கே வந்தால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் நாம். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம் வைக்கிறோம். திருடன் தன் கருவிக்குப் பூஜை போட்டான் என்றால், அவன் நம்மைப் போலவே ஒரு மனிதன் என்றுதான் அர்த்தம். பூஜைக்காகத் திருடினான் என்று அர்த்தமில்லை.

சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரி ஞாபகம் இருக்கிறதா? கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழியில் பாலை நிலத்தில் தங்குமிடம். அங்கே எயினர்கள் கொற்றவையை வழிபடுகிறார்கள். வழிப்பறிதான் அவர்கள் பிழைப்பு. இளங்கோ இதை மறைக்கவில்லை. ஆனால் கொற்றவையைக் கொள்ளைக்கூட்டத் தலைவியாகவும் காட்டவில்லை. ஸ்லீமனிடம் பிடிபட்டவர்களில் முஸ்லிம்களும் ஏராளம். 1839-ல் மெடோஸ் டெய்லர் எழுதி இங்கிலாந்தில் பெரிதாக விற்ற 'ஒரு தக்கின் வாக்குமூலம்' நாவலின் நாயகனே அமீர் அலிதான். காளிக்குப் பலி கொடுக்கும் மதம் என்ற கதையில் இந்த ஒரு விஷயமே பெரிய ஓட்டை.

சமீபத்திய ஆய்வாளர்களில் கிம் வாக்னர் (2007) இதைத்தான் நிதானமாகச் சொல்கிறார்: தக்கர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் கொள்ளைக்காரர்கள், மதக் கூட்டம் அல்ல.

சரி, காரணத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். முழுகியது, நண்பர்களே. பிழைப்புக்காகக் கொலை செய்கிறவனைச் சாட்சி வைத்து நிரூபித்துத் தண்டிக்க வேண்டும். பிறப்பிலும் மதத்திலும் கொலை ஊறியவன் என்று சொல்லிவிட்டால் நிரூபிக்கும் வேலை சுலபம். 1836-ல் வந்த 30-ஆம் சட்டம் அதைத்தான் செய்தது. ஒருவன் எப்போதாவது, எங்கேயாவது, கம்பெனி எல்லைக்கு வெளியில்கூட, தக்கர் கூட்டத்தில் இருந்தான் என்று தெரிந்தாலே போதும், ஆயுள் முழுக்கக் கடுங்காவல். யாரைக் கொன்றான் என்று காட்டத் தேவையில்லை. பெரும்பாலும் அப்ரூவரின் வாய்மொழிதான் ஆதாரம். 1831 முதல் 1837 வரை 3,266 பேர் மீது நடவடிக்கை, அதில் 412 பேருக்குத் தூக்கு. அப்ரூவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் ஜபல்பூரில் ஒரு தொழிற்கூடத்தில் வைத்துக் கூடாரமும் கம்பளமும் நெய்ய வைத்தார்கள். அப்பன் செய்த குற்றத்துக்குப் பிள்ளைக்கும் காவல்.

இந்தச் சிந்தனை அங்கேயே நிற்கவில்லை. 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911-ல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரில் 'கைரேகைச் சட்டம்' என்பார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே போலீஸிடம் ரேகை வைக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஒரு பெண்ணும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். மதராஸில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் சட்டம் ஒழிந்தது. 'சீர்மரபினர்' என்ற சொல் மட்டும் சாதிச் சான்றிதழில் இன்னும் இருக்கிறது. வடக்கே பார்தி, கஞ்சர் போன்ற சமூகத்தார் மேல், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் சந்தேகம் விழுகிறது.

நர்மதைக் கரையில் பிறந்த கற்பனை ஒரு பக்கம் ஹாலிவுட்டுக்குப் போனது, இன்னொரு பக்கம் உசிலம்பட்டிக்கு வந்தது. முதலாவதை டிவியில் பார்க்கிறோம், இரண்டாவதை மறந்துவிட்டோம்.

இப்போது, ஏன் நம் குடும்பங்களுக்கு என்று சொன்னேனே. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் ஊர்க் காளி கோயிலை வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி மாதத்தில் பார்த்தால் உண்டு. படத்திலும் கம்ப்யூட்டர் கேமிலும் நாக்கை நீட்டிய இருட்டு தெய்வத்தை மாதாமாதம் பார்க்கிறார்கள். "நம்ம காளி கெட்ட சாமியா?" என்று கேட்டால் பதறாதீர்கள், அதட்டவும் வேண்டாம். இந்தக் கதையை முழுக்கச் சொல்லுங்கள். காளியைக் காப்பாற்ற நாம் தேவையில்லை, அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளி என்று யாராவது சொன்னால் நம்பிவிடாத பிள்ளையாக வளர்ந்தால், அதுவே போதும்.

அடுத்த முறை காசிக்குப் போகும்போது, ஜபல்பூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.