அட்டையில் இடமில்லாத காலம்

மென்பொருள் தேவைகளை இன்று தாங்கும் 'டிக்கெட்' இரண்டு மரபுகள் கலந்து பிறந்தது. 1990களின் பிற்பகுதியில் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக்கும் அவர் கூட்டாளிகளும் தேவையைச் சிறு அட்டையில் எழுதினார்கள். கடம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு அப்படி ஒன்று எழுதினால்: 'அரக்கோணம் மின்ரயில் தாமதமா என்று பயணிக்கு வீட்டிலேயே தெரிய வேண்டும்.' அதற்குமேல் இடமில்லை. எத்தனை நிமிடம் போனால் தாமதம் என்று கேட்டுப் பேசியே ஆகவேண்டும். 2001இல் அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என மூன்றையும் சேர்த்துச் சொன்னது இதனால்தான்.

இரண்டாவது மரபு பிழைப் பதிவு: 1998இல் வந்த பக்ஸில்லா, 2002இல் வந்த ஜிரா ஆகிய மென்பொருள்கள் பிழைகளைப் பதியப் பிறந்தவை. அட்டை அங்கே குடியேறியதும் இடம் பெருகியது, பேச்சு சுருங்கியது என்பது என் கணிப்பு. எழுதாவிட்டால் ஆள் மாறும்போது எல்லாம் போய்விடுமே என்பார்கள். நியாயம்தான்; சென்னையில் நிரல் எழுதுபவருக்கும் கடல்கடந்த வாடிக்கையாளருக்கும் எழுத்தே பாலம். ஆனால் பதிய வேண்டியது, பேசி எட்டிய முடிவை: ஐந்து நிமிடம் தாண்டினால்தான் தாமதம் என்ற அந்த ஒற்றை வரியை.