ஒரு தாச்சிச் சோற்றின் சரித்திரம்

இருபது நிமிடத்தில் இரவுச் சாப்பாடு ஆகிவிடும் என்று சொல்லப்படும் பண்டங்களுள் கோழியிறைச்சி சேர்த்துப் பொரித்த சோறு இன்று முதலிடம் பெறுகின்றது. கடைகளிலே ‘பிறைட் றைஸ்’ என்னும் பெயரோடு வழங்கும் இவ்வுணவு கொழும்பிலிருந்து புறப்பட்டுச் சிற்றூர்க் குசினிகள் வரை வந்து சேர்ந்துவிட்டது. மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளம் களப்புமாகக் கற்பிட்டிக் குடாநாட்டிலே அமைந்த எத்தாளையும் இதற்கு விலக்கன்று. அரசர் பட்டியலையும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளையும் மனனஞ் செய்விப்பதே சரித்திரக் கல்வியெனக் கருதும் நம்மவர் சிலருக்கு, ஒரு தாச்சிச் சோற்றைச் சரித்திரப் பொருளாக எடுத்துக்கொள்வது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், அந்த இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது, அதற்குப் பின்னால் நிற்பது எவருடைய நேரம் என்று வினவத் தொடங்கினால், நெல் விளையாத ஒரு மணற்கரையிலே நின்றுகொண்டு நாட்டின் எண்பது ஆண்டுப் பொருளாதாரத்தையே பார்க்க நேர்கின்றது.

முதலிற் சமையலைப் பார்ப்போம். ஐந்து பேருக்கு அரைக்கிலோ அரிசி போதும். அதைச் சோறாக்கி நன்றாக ஆறவிட வேண்டும். கால்கிலோ எலும்பில்லாக் கோழியிறைச்சியைச் சுண்டுவிரல் அளவிற் துண்டாக்கி உப்பும் மிளகுத்தூளும் பிரட்டி வைக்க வேண்டும். முட்டை இரண்டு, கரட், லீக்ஸ், நாலைந்து பல் உள்ளி, ஒரு பிடி வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ். தாச்சி புகையும் அளவிற்குச் சூடேறிய பின்னரே எண்ணெய் விடுதல் வேண்டும். முட்டையைக் கிளறி எடுத்துவைத்து, அதே தாச்சியிற் கோழியை ஓரங்கள் பொன்னிறமாகும் வரை வதக்கி, உள்ளியையும் மரக்கறிகளையும் சேர்த்து, ஈற்றிலே சோற்றைக் கொட்டி அகப்பையால் உதிர்த்துக் கிளறினால் வேலை முடிந்தது. அரைக்கிலோச் சோற்றை இரு தடவையாகப் பொரிப்பதே நன்று. தாச்சியை நிரப்பினாற் சோறு பொரியாது, அவியும்.

ஆறிய சோறு என்பதே இதன் உயிர்நாடி. சுடுசோற்றில் மாப்பொருள் இளகி ஈரமாயிருக்கும், கிளறினாற் களியாகிவிடும். ஆறும்போது அம்மாப்பொருள் மீண்டும் இறுகுகின்றது. பருக்கை தனித்து நிற்கின்றது. எனவே பொரித்த சோறு பிறப்பினால் ஒரு மிச்சச் சோற்றுப் பண்டம். மிஞ்சிய சோற்றை என்ன செய்வது என்பது சோறு தின்னும் மக்கள் அனைவருக்கும் பொதுவான வினா. சீனத்தவர் அதற்கு நெருப்பையும் எண்ணெயையும் விடையாகக் கண்டனர். நம்மவர் தண்ணீரைக் கண்டனர். இரவிலே நீரூற்றி வைத்து, விடிந்ததும் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்துக்கொண்டு உண்ணும் பழஞ்சோறு எண்ணெயோ விறகோ வேண்டாதது. கரைவலை இழுத்தவனும் தோட்டங் கொத்தியவனும் அதை உண்டே வேலைக்குப் போயினர். பொரிப்பதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்குக் காசு வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோற்றை அறைவெப்பத்தில் நெடுநேரம் வைத்துப் பொரிப்பது ஆபத்தானது. 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் சீன உணவகங்களிற் பொரித்த சோறு உண்டவர்கள் வாந்தியெடுத்து வீழ்ந்தபோது, பசில்லஸ் சீரியஸ் என்னும் பற்றீரியாவின் வித்திகள் சோறு வெந்த பின்னும் உயிர்தப்பிப் பெருகுவது கண்டறியப்பட்டது. அது சோற்றில் உமிழும் நஞ்சு தாச்சிச் சூட்டிலும் அழிவதில்லை. ஆகவே சோற்றை அகலமான தட்டிற் பரப்பி விரைவாக ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டிற்கு இவ்வுணவு பொருந்தாது என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சீனாவின் யாங்சௌ நகரத்துப் பொரித்த சோற்றை 18ஆம் நூற்றாண்டின் அதிகாரியும் கலைஞருமான யீ பிங்ஷௌவின் பெயரோடு பிணைத்துக் கூறும் கதையொன்று உண்டு. உண்டவனின் பெயர் நிலைக்கும், ஆக்கியவளின் பெயர் மறையும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. பெருமக்களின் பெயரைக் காட்டிலும் விறகுப் பஞ்சமே பொருத்தமான விளக்கம் என்று எனக்குத் தோன்றுகின்றது. காடழிந்த நிலத்திலே, எல்லாவற்றையும் சிறிதாக அரிந்து பெருநெருப்பிற் சிறுபொழுதில் வேகவைப்பது எரிபொருளை மீதப்படுத்தும் உபாயமாகும். நெருப்பின் நேரம் குறைந்தது. அரியும் கையின் நேரம் கூடியது.

சீனத்தோடு நமக்குள்ள உறவு பழையது. கடற்படைத் தலைவன் செங் ஹவின் பெயரால் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுக் காலியிற் கண்டெடுக்கப்பட்ட கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் பேசுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே துணிமூட்டையைச் சைக்கிளிற் கட்டி ஊரூராகச் சென்று விற்ற சீன வியாபாரிகளை முதியோர் பலர் நினைவுகூர்வர். ஆயினும் நமது தாச்சிச் சோற்றின் சரித்திரத்திலே சீனா நுழையும் முக்கிய வாயில் கல்வெட்டுமன்று, துணிமூட்டையுமன்று. 1952ஆம் ஆண்டின் ஓர் ஒப்பந்தமாகும்.

அதனை விளங்கிக்கொள்வதற்கு எத்தாளையின் மண்ணை மிதித்துப் பார்த்தல் வேண்டும். அது மணல். கிணற்று நீரை இறைத்து வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிக்கலாம். வயல் செய்ய இயலாது. கடல் மீன் தரும். சோறு வெளியிலிருந்தே வர வேண்டும். இது எத்தாளைக்கு மட்டும் உரிய நிலையன்று. தேயிலையும் இறப்பரும் தெங்கும் விளைவித்து ஏற்றுமதி செய்யுமாறு குடியேற்ற ஆட்சி அமைத்த பொருளாதாரத்திலே, இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவினது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அக்கப்பல்கள் நின்றன. அவ்வாண்டே கூப்பன் வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊர்தோறும் பரவின. ‘கொத்து’ என்ற அளவை ஓர் அரசியற் சொல்லாக மாறியது.

1950 ஜூனில் மூண்ட கொரியப் போர் உலகச் சந்தையில் அரிசியின் விலையை ஏற்றியது. சீனாவுக்கு இறப்பர் விற்பதை 1951இல் ஐக்கிய நாடுகள் சபையின் தடை மறித்தது. அப்போது இலங்கை அச்சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை; அது கிடைத்தது 1955 டிசம்பரிலேயே. அரிசியில்லாத ஒரு நாடும் இறப்பர் கிடைக்காத ஒரு நாடும் 1952 டிசம்பரிற் பீக்கிங்கிலே கைகோத்தன. வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கா கையொப்பமிட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி வந்தது. 50,000 தொன் இறப்பர் போனது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஒப்பந்தத்தைச் செய்துகொண்ட ஐக்கிய தேசியக் கட்சி அரசு இடதுசாரி அரசன்று. கம்யூனிசத்தை வெறுத்த அரசு. பசிக்கு முன்னால் வெறுப்பு பணிந்தது. இவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

அடுத்த ஆண்டிலேயே அதே அரசு தன் மக்களோடு மோதியது. இறப்பர் விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி கரைந்துவிட்டது என்று கூறி, 1953 ஜூலையிலே கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினர். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவை நிறுத்தினர். இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பிலே ஆகஸ்ட் 12ஆம் நாள் நடைபெற்ற ஹர்த்தால் நாட்டை நிறுத்தியது. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டனர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிலே கூடியது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். நிதியமைச்சரின் பெயரைப் பாடநூலிற் படித்து ஒப்புவிக்கும் மாணவன், நிறுத்தப்பட்ட அந்த மதிய உணவு தன் வயதொத்த பிள்ளையினுடையது என்பதை உணர்ந்து படிக்கின்றானா என்று ஆசிரியராகிய நாம் சிந்திக்கலாம்.

பின்வந்த காலத்தை விரைந்து கடக்கலாம். 1966 டிசம்பரிலே வாரம் இரு கொத்து அரிசி ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்து இலவசமாயிற்று. 1970களின் முற்பாதியிலே பாணுக்கு வரிசை நின்றனர்; அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதைத் தடுக்க வீதிகளிலே தடைமரம் நின்றது. அதே காலத்தில் வெங்காயத்திற்கும் மிளகாய்க்கும் விதித்த இறக்குமதித் தடை தோட்டக்காரனுக்கு நல்ல விலை தந்தது. உண்பவனாக நொந்தவன் விளைவிப்பவனாக நிமிர்ந்தான். இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் அக்காலத்தைச் சரியாகச் சொல்லியவராகார். 1977இற் சந்தை திறந்தது. 1979இற் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது.

திறந்த சந்தையோடு வந்து வளர்ந்ததே புரொய்லர் கோழி. ஊர்க்கோழி முற்றத்திற் கிளறித் தின்று கறிப்பருவமடைய ஐந்தாறு மாதம் செல்லும். அது விருந்தாளிக்கும் பெருநாளுக்கும் உரியது. புரொய்லர் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். அதை வளர்க்கும் பண்ணைகள் கம்பகா, குருணாகல், புத்தளம் ஆகிய தென்னை மாவட்டங்களிலேயே செறிந்தன. கோழி ஏழையின் கிழமைநாள் உணவில் இடம்பெற்றது முன்னேற்றமே; அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. மீன்பிடிக் கரையிலுள்ள வீட்டில் ஏன் கோழி? களப்பிலும் கடலிலும் கிடைக்கும் நண்டும் இறாலும் கணவாயும் நல்ல மீனும் ஐசிற் புதைந்து கொழும்புக்கும் கப்பலுக்கும் போகின்றன. இறாலை உண்பவன் வேறு, பிடிப்பவன் வேறு. இறாற் சோறு உணவகத்தின் விலைப்பட்டியலில் இருக்கும். பிடித்தவன் வீட்டுத் தாச்சியிற் கால்கிலோக் கோழி ஐந்தாகப் பிரியும்.

இனி, அந்த இருபது நிமிடம். நமது நாட்டில் இரவுணவு பெரும்பாலும் சோறன்று. இடியப்பம், பிட்டு, ரொட்டி, பாண். அரிசியை ஊறவைத்து இடித்து அரித்து வறுத்து, பின்னேரம் கொதிநீர் ஊற்றிக் குழைத்து, உரலிற் பிழிந்து, தட்டுத் தட்டாக அவித்து, அதற்கொரு சொதியும் சம்பலும் ஆக்குவதற்குப் பெண்ணொருத்தியின் மாலை முழுவதும் வேண்டும். இதைப் பண்பாடு என்று புகழ்பவர்கள் உரலைப் பிழிந்தவர்களாயிருப்பது அரிது. பகலில் வெங்காயத் தோட்டத்திற் கூலிக்குக் குந்தியிருந்து களைபிடுங்கி வருபவளுக்கும், பள்ளிக்கூடத்திற் படிப்பித்து வருபவளுக்கும் பொரித்த சோறு அந்த மாலையில் ஒரு மணித்தியாலத்தையாவது திருப்பிக் கொடுத்தது. அதனால், இதனை அந்நிய நாகரிகத்தின் படையெடுப்பு என்று பழிக்க என் மனம் ஒப்பவில்லை. மத்திய கிழக்கிலே பிறர் குசினியில் உழைத்து வந்த பெண்கள் இம்மாவட்டத்திலே பலர். அயலாரின் சுவைகளுக்கெல்லாம் சமைத்த அக்கைகளுக்குச் சோயா சோஸ் புதுமையன்று.

1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 75,000 அளவினர். அவர்களிற் பெரும்பாலார் வந்திறங்கிய இடம் புத்தள மாவட்டம். கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக்கொட்டில்கள் எழுந்தன. கூப்பன் ஒழிந்து பத்தாண்டு கழிந்த நாட்டிலே, நிவாரண அட்டையும் அளந்து கொடுக்கும் அரிசியும் அவர்களுக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. அந்த அரிசி அடுத்த வேளைக்கு மிஞ்சியிருந்தால் அது அதிசயம்.

விரைவுச் சமையல் எதன்மீது நிற்கின்றது என்பதை 2022 வெளிச்சமாகக் காட்டிற்று. முந்திய ஆண்டு இரசாயன உரத்தை ஒரே உத்தரவிலே தடைசெய்ததால் நெல் விளைச்சல் வீழ்ந்திருந்தது. செலாவணி தீர்ந்தது, எரிவாயு இல்லை, காலிச் சிலிண்டர்கள் வீதியோரத்தில் மைல்கணக்கில் வரிசையிட்டன. மார்ச் மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்தை எட்டியது. சீனக் கடனிற் கட்டப்பட்டு 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே குடாநாட்டிலேதான் நிற்கின்றது. அதன் புகைபோக்கியைக் காணும் ஊர்களிலும் விளக்கு அணைந்தது. மின்சாரச் சோற்றுப்பானை மூலையில் இருந்தது, குளிர்ப்பெட்டி அலுமாரியாயிற்று. தென்னம்பாளையும் பொச்சும் சிரட்டையும் மறுபடி அடுப்புக்கு வந்தன. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். கோழித் தீனியின் சோளத்தோடு கோழியும் முட்டையும் எட்டாத விலைக்கு ஏறின. கோழிக்குப் பதிலாகச் சோயா மீற் வந்தது. பல வீடுகளில் அதுவும் வரவில்லை. இருபது நிமிடச் சாப்பாட்டிற்கு விறகு பொறுக்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அந்நேரத்தைக் கொடுத்தவள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வாண்டு தமிழ்நாட்டிலிருந்து 40,000 தொன் அரிசி உதவியாக அறிவிக்கப்பட்டு, முதற் கப்பல் மே மாதத்திற் கொழும்பை அடைந்தது. பாடசாலை உணவுத் திட்டத்திற்கெனச் சீனா 10,000 தொன் அரிசி வழங்க முன்வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் இறப்பர் கொடுத்து வாங்கிய அரிசி இம்முறை நன்கொடையாக வந்தது; கொடுப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது எரிவாயு கிடைக்கின்றது; தாச்சி மீண்டும் புகைகின்றது. 2024 டிசம்பரிலே கடைகளில் நாட்டரிசி காணாமற்போய், இறக்குமதிக்கு அரசு அனுமதி வழங்க வேண்டியதாயிற்று. எத்தாளைத் தோட்டங்களின் வெங்காயம் லொறியேறித் தம்புள்ளைச் சந்தைக்கும் கொழும்புக்கும் போகின்றது. பொலன்னறுவை ஆலைகளின் அரிசி எதிர்த்திசையில் வருகின்றது. கோழி ஐந்து துண்டாகும் வீட்டிலே ஆறாவது ஆள் கடைசியாகத் தாச்சியின் அடியை அகப்பையாற் சுரண்டிச் சாப்பிடுகின்றாள்.