பெட்டி யாருக்குச் சொந்தம்? புன்னகை மன்னனும் ஹார்பர் கன்டெய்னரும்

கொஞ்சம் நீளமான த்ரெட். பாட்டுல ஆரம்பிச்சு நம்ம ஹார்பர் வரைக்கும் வரப்போறோம். பொறுமையா படிங்க.

1) புன்னகை மன்னன் தீம் மியூசிக் உங்களுக்கு நல்லா தெரியும். 1986-ல வந்த படம். இசை இளையராஜா. "கம்ப்யூட்டர் இசை"ன்னு ஊரே பேசுன படம் அது. அப்போ அவர்கிட்ட கீபோர்டு வாசிச்ச திலீப்புக்கு வயசு 19. அந்தப் பையன்தான் பின்னாடி ஏ.ஆர்.ரஹ்மான்.

2) கம்ப்யூட்டர் இசைன்னா என்ன? ஐசியு-ல மருந்து ஏத்துற பம்ப் பார்த்திருப்பீங்க. மணிக்கு இத்தனை மில்லின்னு ஒரு தடவை செட் பண்ணிட்டா போதும், நர்ஸ் பக்கத்துல நிக்க வேண்டாம், அது பாட்டுக்கு ஏத்தும். சீக்வென்சரும் அப்படித்தான். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம்னு பதிஞ்சு வெச்சா, சின்தசைசர் அதை அப்படியே வாசிக்கும். கை வலிக்காது, தாளம் தப்பாது.

3) இதுக்கு 4 வருஷம் முன்னாடி லண்டன்ல ஒரு ஆல்பம் வந்தது. குழுவோட பேரு யாஸு. மொத்தமே ரெண்டு பேர். மெஷினுக்கு வின்ஸ் கிளார்க், குரலுக்கு ஆலிசன் மோயே. ரெண்டு பேருக்கும் 21, 22 வயசுதான். 1982 ஆகஸ்ட்ல வந்த அவங்க முதல் ஆல்பம் "அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்" பிரிட்டன் பட்டியல்ல 2-வது இடத்துக்குப் போச்சு. டிரம்மர் இல்ல, கிட்டார் குழு இல்ல. முன்னாடி ஒரு பெரிய குழு செஞ்ச வேலையை ஒரு மெஷினும் ஒரு குரலும் செஞ்சு முடிச்சது.

4) அந்த ரெண்டு பேரும் வளர்ந்த ஊர் பாசில்டன். கிழக்கு லண்டன் மக்களைக் குடியேத்த 1949-ல அறிவிக்கப்பட்ட புது நகரம். கிழக்கு லண்டன்னா துறைமுகத் தொழிலாளிங்க ஏரியா, நம்ம ராயபுரம் மாதிரி. அங்க பேர் போன ராயல் டாக்ஸ்ல சரக்குக் கப்பல் வர்றது 1981-ல நின்னுபோச்சு. முக்கியக் காரணம் கன்டெய்னர். பெரிய கன்டெய்னர் கப்பல் எல்லாம் கடல் பக்கமா இருக்குற டில்பரிக்குப் போயிடுச்சு.

5) இப்போ 1983-க்கு வாங்க. அந்த வருஷம் ஜனவரியில அமெரிக்காவுல ஒரு கண்காட்சி. சீக்வென்ஷியல் கம்பெனி கீபோர்டையும் ரோலண்ட் கம்பெனி கீபோர்டையும் ஒரு வயர்ல இணைச்சாங்க. ஒண்ணுல வாசிச்சா இன்னொண்ணு பேசுச்சு. அதுக்குப் பேரு மிடி. அதே 1983-ல சென்னைத் துறைமுகத்துல கன்டெய்னர் முனையம் திறந்தாங்க. நாட்டுலயே முதல் தனி முனையம் அது.

6) ரெண்டுக்கும் சூட்சுமம் ஒண்ணுதான்: எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே அளவு. பெட்டி 20 அடி இல்லன்னா 40 அடி. எந்த நாட்டுக் கப்பல், எந்த கிரேன், எந்த லாரியா இருந்தாலும் பொருந்தும். மிடியும் அதே கதைதான். எந்த கம்பெனி பெட்டியா இருந்தாலும் இன்னொரு கம்பெனி பெட்டியோட பேசும்.

7) அதுக்கு முன்னாடி ஹார்பர் வேலைன்னா மூட்டை. கையில கொக்கி, முதுகுல பாரம், கேங் கேங்கா ஆளுங்க. 1948 சட்டத்தால துறைமுகத் தொழிலாளர் வாரியம் வந்து, பதிவுல பேர் இருந்தவங்களுக்கு வேலையில ஒரு பிடிமானம் கொடுத்துச்சு. கன்டெய்னர் வந்த பிறகு அத்தனை கை தேவைப்படல. அந்த வாரியங்களை துறைமுக நிர்வாகத்தோட இணைக்க 1997-ல தனிச் சட்டமே வந்தது.

8) கோடம்பாக்கத்துலயும் இதேதான் நடந்துச்சு. வரிசையா வயலின் உக்கார்ந்து வாசிச்ச இடத்துல ஒரு கீபோர்டு வந்து உக்கார்ந்தது.

9) அப்போ மெஷின்தான் வில்லனா? அவசரப்படாதீங்க. ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல இறந்தப்போ பையனுக்கு 9 வயசு. அவர் விட்டுட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்துச்சு. அந்த வீட்டுல பெட்டி அவங்களுக்குச் சொந்தம். அதனால மெஷின் வர வர அந்தப் பையன் மேல போனான். ஹார்பர் தொழிலாளிக்கு கிரேன்ல ஒரு நட்டு கூட சொந்தமில்ல. மெஷின் வந்ததும் அவர் வெளிய போனார். ரெண்டு பேருமே உழைப்பாளிங்கதான். வித்தியாசம் பெட்டி யார்கிட்ட இருந்துச்சுங்கறதுதான்.

10) நம்ம ஏரியா கானாவைப் பாருங்க. சாவு வீட்டுல விடிய விடிய பாடுறவங்க கைக்கு ஒரு கீபோர்டும் ரிதம் பேடும் வந்ததும், ஆர்கெஸ்ட்ரா வைக்க வசதியில்லாத தெருவுக்கே ஒரு ஆர்கெஸ்ட்ரா கிடைச்சது. அதே மெஷின்தான். ஆனா இந்தத் தடவை இருந்தது பாடுறவன் கையில.

11) சரி, டாக்டர் எதுக்கு இதெல்லாம் பேசணும்? வட சென்னையில ஒரு அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிறேன். முதுகுத் தண்டு தேய்ஞ்ச பெரியவர்கிட்ட "என்ன வேலை பார்த்தீங்க"ன்னு கேட்டா "ஹார்பர்ல மூட்டை"ம்பார். அடுத்த டோக்கன் கன்டெய்னர் லாரி டிரைவர். எண்ணூர், திருவொற்றியூர் ரோட்டுல கியூவுல மணிக்கணக்கா உக்கார்ந்து இடுப்பு வலி, நேரத்துக்குச் சாப்பாடு இல்லாம ஏறிப்போன சுகர். பாரத்தை பெட்டி எடுத்துக்கிச்சு. காத்திருப்பை மனுஷன் தலையில வெச்சிடுச்சு.

12) அதனால புதுசா எந்த மெஷின் வந்தாலும் "இது நல்லதா கெட்டதா"ன்னு மட்டும் கேட்காதீங்க. "இது யாருக்குச் சொந்தம், மிச்சமாகுற நேரமும் காசும் யாருக்குப் போகுது"ன்னு கேளுங்க.

13) கடைசியா ஒண்ணு. உங்க வீட்டுலயோ தெருவுலயோ 1983-க்கு முன்னாடி ஹார்பர்ல வேலை பார்த்த தாத்தா இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காருங்க. ஒரு கேங்ல எத்தனை பேர், என்ன பாட்டு பாடிக்கிட்டு இழுத்தாங்கன்னு கேட்டு போன்ல பதிஞ்சு வைங்க. அந்தப் பாட்டை எந்த சீக்வென்சரும் பதிஞ்சு வைக்கல.