குவளையும் ஆணையும்: பானங்களின் மீதான தடைகள் சொல்லும் வரலாறு

மனிதன் ஏந்தும் குவளைக்கும் அவனுடைய உதட்டுக்கும் இடையே அரசு தன் கையை நீட்டலாமா? நீட்டலாம் எனில் எந்த எல்லை வரை நீட்டலாம்? 2012ஆம் ஆண்டு நியூயார்க் மாநகரில் இந்தக் கேள்வி பெரும் விவாதமாக வெடித்தது. உணவகங்கள், திரையரங்குகள், விளையாட்டரங்குகள், நடைபாதை வண்டிகள் ஆகியவற்றில் 16 அவுன்ஸுக்கு (ஏறத்தாழ 470 மில்லி லிட்டர்) மேற்பட்ட குவளைகளில் இனிப்புப் பானம் விற்கக் கூடாது என்று அந்நகரின் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஒரு திட்டத்தை முன்வைத்தார். தனிமனித உரிமையைப் பறிக்கும் செயல் இது என்று ஒரு சாராரும், மக்களின் உயிரைக் காக்கும் கடமை இது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர்.

இது நவீன காலம் ஈன்றெடுத்த புதிய சிக்கல் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் முஸ்லிம் உலகின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இந்த விவாதம் புதியதன்று. கெய்ரோவிலும் மக்காவிலும் இஸ்தான்புல்லிலும் ஆட்சியாளர்கள் பானங்களைத் தடுத்திருக்கிறார்கள். மார்க்க அறிஞர்கள் அத்தடைகளை எடைபோட்டிருக்கிறார்கள். போதை தரும் மது விலக்கப்பட்டது என்பதில் அவர்களிடையே விவாதமில்லை. அடிப்படையில் ஆகுமான ஒரு பானத்தை ஆட்சியாளர் கட்டுப்படுத்தலாமா என்பதே விவாதம். அதில் அவர்கள் எழுப்பிய வினாக்கள் இன்றும் பழையவை ஆகிவிடவில்லை.

காரணம் கூறாத தடை

ஃபாத்திமிய்ய கலீஃபா அல்ஹாகிம் (ஆட்சி: கி.பி. 996–1021) எகிப்தில் பிறப்பித்த ஆணைகளை வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி விரிவாகப் பதிவு செய்துள்ளார். முலூகிய்யா என்னும் கீரையும் செதிலில்லாத மீனும் அவருடைய தடைக்கு இலக்காயின. ‘ஃபுக்காஉ’ எனப்படும் நுரை ததும்பும் வாற்கோதுமைப் பானமும் கி.பி. 1005 அளவில் தடை செய்யப்பட்டது. மது காய்ச்சப்படலாம் என்ற ஐயத்தால் பின்னர் உலர்திராட்சையும் தேனும்கூட அழிக்கப்பட்டன.

இவ்வாணைகள் மக்களின் உடல்நலம் கருதி எழுந்தவையல்ல. சிலவற்றுக்கு, முற்காலத்தில் ஃபாத்திமியர்களின் எதிரிகளாகக் கருதப்பட்டோர் விரும்பிய உணவு என்பதே காரணமாகக் கூறப்பட்டது. அவருடைய மகன் அள்ளாஹிரின் ஆட்சியில் ஃபுக்காஉவும் முலூகிய்யாவும் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. மக்கள் ஏற்கத்தக்க காரணத்தின் மீது எழுப்பப்படாத தடை அதனை இட்டவரின் ஆயுளைத் தாண்டவில்லை.

விற்பவர் மீதான கண்காணிப்பு

இதற்கு நேர்மாறான ஒரு மரபும் அதே உலகில் வளர்ந்தது. அதுவே ‘ஹிஸ்பா’ என்னும் சந்தைக் கண்காணிப்பு முறை. அதை நடத்திய அதிகாரி முஹ்தஸிப் எனப்பட்டார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர் ஆகியோருடன் ‘ஷராப்’ தயாரிப்போருக்கும் தனி இடம் உண்டு. இங்கே ஷராப் என்பது மதுவைக் குறிக்கவில்லை. சர்க்கரையாலும் தேனாலும் காய்ச்சப்பட்ட பாகுகளைக் குறிக்கிறது. நம் நாவில் வழங்கும் ‘சர்பத்’ என்ற சொல்லும் இதே அரபு வேரிலிருந்து பாரசீகத்தின் வழியாக வந்ததே.

இப்பாகுகள் அன்று மருந்தாகவும் பயன்பட்டன. ஆகவே அவற்றைக் காய்ச்சுபவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும், கலப்படம் செய்யக் கூடாது என்று முஹ்தஸிப் கண்காணித்தார். அவருடைய பார்வை அருந்துபவர் மீதன்று, விற்பவர் மீதே படிந்தது. இமாம் அல்மாவர்தீ (ரஹ்) அவர்கள் (மறைவு: கி.பி. 1058) முஹ்தஸிபின் எல்லையை வரையறுக்கும்போது, வெளிப்படையாக நிகழும் தவறே அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்றும், மறைவில் நடப்பதைத் துருவித் தேடுவது அவருக்கு உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். சந்தை பொதுவெளி, வீடு அவ்வாறன்று.

மக்காவில் ஒரு விசாரணை

ஹிஜ்ரி 917இல் (கி.பி. 1511) மக்காவில் நிகழ்ந்தது வேறு வகையானது. அந்நகரில் மம்லூக் அரசின் அதிகாரியாகவும் முஹ்தஸிபாகவும் இருந்த காயிர் பேக், ஹரமின் அருகே இரவில் விளக்கேற்றி அமர்ந்து சிலர் காப்பி அருந்துவதைக் கண்டார். அவர் அணுகியதும் அவர்கள் விளக்கை அணைத்தனர். அதனால் அவருடைய ஐயம் வலுத்தது. மறுநாள் அவர் அறிஞர்களைக் கூட்டி, காப்பியை நடுவில் வைத்து விசாரணை நடத்தினார். காப்பி ஆகுமானது என்று வாதிட்டு அல்ஜஸீரீ பிற்காலத்தில் எழுதிய நூலே இந்நிகழ்ச்சியை நமக்கு விரிவாக அறிவிக்கிறது.

அக்கூட்டத்தில் அறிஞர்கள் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பேசினர். தகாத செயல்களுடன் கூடிய கூட்டம் தடுக்கப்பட வேண்டும் என்பதில் அவர்கள் ஒன்றுபட்டனர். பானத்தைப் பொறுத்தவரை, பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை என்ற விதியை முன்வைத்து, உடலுக்குத் தீங்கு உண்டா என்பதை மருத்துவர்களே கூற வேண்டும் என்றனர். மருத்துவ சகோதரர் இருவர் வரவழைக்கப்பட்டனர். காப்பி தீங்கானது என்று அவர்கள் சாட்சியம் அளித்தனர். அதன் மீது தடை பிறப்பிக்கப்பட்டது. காப்பிக் கொட்டைகள் தெருவில் கொளுத்தப்பட்டன. விற்றோரும் அருந்தியோரும் அடிக்கப்பட்டனர்.

செய்தி கெய்ரோவுக்குச் சென்றது. சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரீயின் மறுமொழி காயிர் பேக் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. தகாத செயல்கள் நிகழும் கூட்டங்களை ஆணை தடுத்தது. காப்பியை முற்றாக விலக்கவில்லை. மக்காவில் மீண்டும் காப்பி அருந்தப்பட்டது. அடுத்த ஆண்டே காயிர் பேக் பதவியிலிருந்து மாற்றப்பட்டார்.

உஸூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் இந்நிகழ்ச்சியின் நுட்பத்தை உடனே உணர்வர். ஒரு சட்டத்துக்கு அடிப்படையான காரணியை அறிஞர்கள் ‘இல்லத்’ என்பர். காரணி இருக்குமிடத்தில் சட்டம் இருக்கும். அது நீங்கினால் சட்டமும் நீங்கும். காயிர் பேக்கை உறுத்தியது கூட்டம். அவர் தடுத்ததோ பானம். காரணியும் தடையும் வெவ்வேறு இடங்களில் நின்றன. கெய்ரோவின் ஆணை அவ்விரண்டையும் பிரித்துவிட்டது.

கண்டறிந்த காழியும் கடிந்த சுல்தானும்

1530களில் கெய்ரோவில் காப்பிக்கு எதிரான சொற்பொழிவைக் கேட்டுக் கொதித்த ஒரு கூட்டம் காப்பிக் கடைகளைத் தாக்கியது. வழக்கு காழி முஹம்மத் இப்னு இல்யாஸ் அவர்களிடம் வந்தது. அவர்கள் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டதோடு நிற்கவில்லை. காப்பி காய்ச்சச் செய்து, ஒரு கூட்டத்தாருக்கு அதை அருந்தக் கொடுத்து, அவர்களுடன் நெடுநேரம் உரையாடி, அவர்களுடைய அறிவிலோ நடத்தையிலோ மாற்றம் ஏற்படுகிறதா என்று தாமே கவனித்தார்கள். மாற்றம் எதையும் காணாததால் காப்பிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். கேள்விப்பட்டதைக் கொண்டல்லாமல் கண்டறிந்ததைக் கொண்டு தீர்ப்பு வழங்கியது அவர்களின் சிறப்பு.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1633இல் இஸ்தான்புல்லில் ஏற்பட்ட பெருந்தீயை அடுத்து உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் காப்பிக் கடைகளை மூடினார். புகையிலையைத் தடை செய்து மரண தண்டனை வரை சென்றார். அக்கடைகளில் ஆட்சியைப் பற்றி மக்கள் பேசிய பேச்சே அவரை அதிகம் அச்சுறுத்தியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ‘கஷ்ஃபுள் ளுனூன்’ ஆசிரியராக அரபுக் கல்லூரிகளில் நாம் அறிந்த ஹாஜி கலீஃபா என்னும் காதிப் சலபீ அவர்கள் அக்காலத்தில் வாழ்ந்தவர்கள். 1656இல் எழுதிய ‘மீஸானுல் ஹக்’ நூலில் அவர்கள் இத்தடைகளை ஆராய்கிறார்கள். கடுமை கூடக்கூட மக்களின் நாட்டமும் கூடியது என்பது அவர்கள் கண்ட உண்மை. பிற்காலத்தில் அதே உஸ்மானிய அரசு புகையிலைக்கு வரி விதித்து வருவாய் ஈட்டியது.

நியூயார்க்கின் தோல்வி

இந்த வரலாற்றுடன் நியூயார்க்குக்குத் திரும்புவோம். 2012 செப்டம்பரில் நகரின் சுகாதார வாரியம் மேயரின் திட்டத்தை ஏற்றது. 2013 மார்ச் 12 அன்று அது நடைமுறைக்கு வர வேண்டும். அதற்கு முதல் நாள் நீதிபதி மில்டன் டிங்லிங் அதைச் செல்லாததாக்கினார். ஒரே தெருவில் உணவகம் தடைக்கு உட்பட்டது. மாநில அரசின் கண்காணிப்பில் இருந்த சில்லறைக் கடைகள் உட்படவில்லை. பால் மிகுந்த இனிப்புப் பானங்களுக்கு விலக்கு இருந்தது. சிறிய குவளையை எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். காரணி சர்க்கரை எனில், அந்தக் காரணி உள்ள இடமெல்லாம் தடை இல்லை. 2014 ஜூன் 26 அன்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், 4-க்கு 2 என்ற பெரும்பான்மையில், இத்தகைய முடிவு நகர மன்றத்துக்கு உரியது, சுகாதார வாரியம் தன் அதிகாரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

இதனால் சர்க்கரை தீங்கற்றது என்று ஆகிவிடாது. காப்பியைப் பற்றிய மருத்துவ சாட்சியம் அன்று ஐயத்துக்குரியதாக இருந்தது. மிகுதியான சர்க்கரையைப் பற்றிய சாட்சியமோ இன்று வலுவானது. உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, பற்சிதைவு ஆகியவற்றுடன் இனிப்புப் பானங்களுக்குள்ள தொடர்பை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. 355 மில்லி லிட்டர் கோக்க-கோலாவில் 39 கிராம் சர்க்கரை உள்ளது. சேர்க்கப்படும் சர்க்கரை அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், அதாவது வயது வந்தோருக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், இயன்றால் அதிலும் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வழங்கிய வழிகாட்டுதல். ஒரே ஒரு குப்பி அந்த வரம்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

காரணியைப் பின்பற்றிய வழி

தடையின் இடத்தில் வரியைக் கையாண்ட நாடுகள் வேறு அனுபவத்தைப் பெற்றன. மெக்சிகோ 2014 ஜனவரி முதல் லிட்டருக்கு 1 பெசோ வரி விதித்தது. அவ்வாண்டில் வரிக்குட்பட்ட பானங்களின் கொள்முதல், வரி இல்லாதிருந்தால் எதிர்பார்க்கப்பட்டிருக்கும் அளவைவிடச் சராசரியாக 6 விழுக்காடு குறைந்தது என ஆய்வு காட்டியது. ஏழைக் குடும்பங்களில் குறைவு இன்னும் கூடுதலாக இருந்தது. பிரிட்டன் 2018 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய வரி, குடிப்பவரை நோக்காமல் உற்பத்தியாளரை நோக்கியது. 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழ் சர்க்கரை உள்ள பானத்துக்கு வரியில்லை. 8 கிராமை எட்டினால் உயர் வரி. வரி நடைமுறைக்கு வரும் முன்பே நிறுவனங்கள் பல சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. அங்கும் பால் பானங்களுக்கு விலக்கு இருந்தது. 2028 முதல் அதையும் நீக்குவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது.

நம் சகோதரர் பலர் பிழைப்புக்காக வாழும் வளைகுடாவிலும் இந்நகர்வு காணப்படுகிறது. சவூதி அரேபியா 2017 ஜூனில் வாயு நிரப்பிய பானங்களுக்கு 50 விழுக்காடும், ஊக்க பானங்களுக்கு 100 விழுக்காடும் வரி விதித்தது. இனிப்பூட்டிய பிற பானங்களுக்கு அது 2019 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2026 ஜனவரி முதல் சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரியை வகுத்தது. வாயுவிலிருந்து சர்க்கரைக்கு நகர்ந்தது, இல்லத்தை நோக்கிய நகர்வே. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் வாயு நிரப்பிய இனிப்புப் பானங்களுக்கு 40 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. அதில் சர்க்கரை மிகுந்ததற்கும் குறைந்ததற்கும் வேறுபாடு இல்லை.

வரியைக் குறித்து நம் ஃபுகஹாக்களுக்கு ஓர் எச்சரிக்கை உணர்வும் இருந்தது. ‘முகூஸ்’ என்னும் சந்தை வரிகளை அவர்கள் வெறுப்புடன் நோக்கினர். எளியவரின் சுமை ஆட்சியாளரின் வருவாயாக மாறிவிடும் என்பது அவர்களின் கவலை. புகையிலை வரலாறு அக்கவலையை மெய்ப்பிக்கிறது. ஆகவே வரியால் வருவது எங்கே செல்கிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. பிலடெல்ஃபியா நகரம் 2017இல் தொடங்கிய பான வரியைக் குழந்தைகளின் முன்பள்ளிக் கல்விக்கும் பூங்காக்களுக்கும் ஒதுக்கியது. எளியவரிடம் பெற்றதை எளியவருக்கே திருப்பும் முயற்சி அது.

குடிமக்கள் மீது ஆட்சியாளர் எடுக்கும் நடவடிக்கை அவர்களின் நலனைச் சார்ந்தே அமைய வேண்டும் என்பது ஃபிக்ஹின் பொது விதி. உஸ்மானியர் தொகுத்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பும் அதைத் தன் விதிகளுள் ஒன்றாக ஏற்றது. அந்நலனை அடையும் வழியை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. தீங்கு இருப்பதைத் துறையறிந்தோர் நிறுவ வேண்டும். உரிய அதிகாரம் உடையோரே ஆணையிட வேண்டும். ஆணை காரணியுடனே செல்ல வேண்டும். அதன் கை விற்பவரை நோக்கி நீள வேண்டும். சர்க்கரைப் பானங்களைப் பொறுத்தவரை முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. மற்றவற்றை நிறைவேற்றும் ஆணையை, ஹலாலை ஹராமாக்கும் செயல் என்று எவரும் தள்ளிவிட இயலாது. ஏனெனில் அது பானத்தின் சட்டத்தை மாற்றவில்லை, தீங்கின் அளவையே குறைக்கிறது.

முஹ்தஸிப் நுழையாத இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. இஃப்தார் விரிப்பில் முதலில் பரிமாறப்படும் சர்பத்தும், வலீமா விருந்தில் வரிசையாக வைக்கப்படும் குளிர்பானக் குப்பிகளும் எந்த வாரியத்தின் ஆணைக்கும் உட்பட்டவையல்ல. உண்ணவும் பருகவும் அனுமதித்து, அளவு மீறலைத் தடுத்த திருக்குர்ஆனின் (7:31) கட்டளையே அங்கு செல்லுபடியாகும். நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டியுள்ள இக்காலத்தில், அக்கட்டளையைச் செயற்படுத்தும் பொறுப்பு குடும்பத் தலைவர்களிடமும் ஜமாஅத்துகளிடமுமே உள்ளது.