கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் தமிழகப் பெண்களும்

இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக மிகுதியாகக் காணப்படுவது கருப்பை வாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்த ஓராண்டில் நாட்டில் சுமார் 1,27,000 பேருக்கு இந்நோய் வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தனர். ஹெச்.பி.வி. எனப்படும் வைரஸின் சில வகைகள் உடலில் நெடுங்காலம் தங்கிவிடுவதே காரணம். தொற்று புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் தோன்றும் முன்நிலை மாற்றத்தைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30–49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது இதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8. மாநிலங்களில் இதுவே அதிகம் என்றாலும், பத்தில் ஒன்பது பேர் இங்கும் விடுபட்டிருந்தார்கள்.

அரசு மருத்துவமனைகளில் பரவலாக நடப்பது வி.ஐ.ஏ. முறை. பெண் படுத்தபின் ஸ்பெகுலம் கருவியால் கருப்பை வாயைத் தெரியும்படி செய்து, வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிடம் காத்திருப்பார் நர்ஸ். அங்கே வெள்ளைத் திட்டு தோன்றினால் அடுத்த கட்டச் சோதனை. மயக்க மருந்தோ ஊசியோ கிடையாது. மாதவிடாய் நாட்களில் மட்டும் செய்வதில்லை. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் இதை 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒரு முறை செய்யச் சொல்கிறது. மாதவிடாய் நின்றபின் மாற்றம் ஏற்படும் பகுதி உள்ளே போய்விடுவதால், வயது ஏற ஏற இம்முறையின் துல்லியம் குறையும்.

நோயின் பெயரைக் கேள்விப்பட்ட பெண்களிலும் பரிசோதனையைப் பற்றி அறியாதவர்கள் பலர். “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு?” என்பது சுகாதாரப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் பதில். நலமாக இருப்பவர்களுக்கான சோதனை என்பதே புரியாததால், வெள்ளைப்படுதலோ இடுப்புவலியோ வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களும் மாதவிடாய் நின்றவர்களும் கருப்பையோடு தங்களுக்கு இனி வேலை இல்லை என்று நினைப்பதுண்டு. இவற்றோடு கூச்சம், ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்ற தயக்கம், ஒரு நாள் கூலி போகும் கவலை, வீட்டில் கணவரிடமோ மாமியாரிடமோ சொல்லிவிட்டுப் போகவேண்டிய நிலை. உடலுறவால் பரவும் தொற்று என்று அரைகுறையாகக் கேட்டவர்கள், போனால் நடத்தையைச் சந்தேகிப்பார்களோ என்றும் அஞ்சுகிறார்கள். உண்மையில் திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது இத்தொற்று வந்துபோகிறது. பெரும்பாலும் தானாகவே மறைந்தும்விடுகிறது.

இத்தயக்கங்கள் மாறக்கூடியவை என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000இல் தொடங்கிய ஆய்வில், 30–59 வயதுள்ள 49,311 பெண்களுக்குப் பரிசோதனை வாய்ப்பு தரப்பட்டது. 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், வந்தனர். பயிற்சி பெற்ற நர்சுகளே சோதித்தார்கள். சந்தேகத்துக்குரிய 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பி முடிந்துவிட்டது. ஆனால் முன்நிலை மாற்றம் உறுதியானவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காட்டினரே. கால்போஸ்கோப்பிக்கு வருவதைவிடச் சிகிச்சைவரை செல்வது கடினம் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது. அப்படியிருந்தும் 2006 வரையிலான கணக்கில், சோதனை நடக்காத ஊர்களைவிட அங்கே நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்திருந்தன. 2007இல் வெளியான இந்த முடிவு, வசதி குறைந்த நாடுகளின் திட்டங்களுக்கு ஆதாரமாயிற்று.

விழிப்புணர்வு இல்லை என்று பெண்களைக் குறை சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. ஊருக்குப் பக்கத்தில், பெண் ஊழியர் கையால், இலவசமாக நடந்தபோது மூவரில் இருவர் அளவுக்கு வந்திருக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021 முதல் ஹெச்.பி.வி. சோதனையை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. இதற்கான மாதிரியைப் பெண்ணே மறைவிடத்தில் எடுத்துத் தரலாம் என்பதால், மேசையில் படுக்கும் கூச்சம் இல்லை. ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை தேவை. எல்லா வைரஸ் வகைகளையும் தடுப்பூசி தடுப்பதில்லை. உடலுறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்றபிறகோ ரத்தப்போக்கு கண்டவர்கள், பரிசோதனை முகாம் வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.